மாமியாரும் நானும் மூன்று மலையூர்களும்

அந்த நோட்டீஸை ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையிலிருந்து எடுத்து வந்தவள் என் மனைவி. ஒரே நாளில் மூன்று ஆல்ப்ஸ் மலையூர்கள், காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் எடிசனில் பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்கு எடிசனிலேயே இறங்கலாம், சைவச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்தது. மேலே பனி மூடிய சிகரம் ஒன்றின் படம். நியூ ஜெர்சியிலிருந்து ஆல்ப்ஸுக்கு எந்த ஊர் பஸ் போகிறது என்று கேட்டேன். நான் எதற்கெடுத்தாலும் இப்படித்தான் கேட்பேன், அவளுக்கு அது பழகிவிட்டது. நியூயார்க் மாநிலத்துக் காட்ஸ்கில் மலையில் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் மாதிரியே மரவீடுகளும் மாடங்களும் கட்டியிருக்கிறார்களாம். கடைக்காரர் சொன்னாராம். சினிமாவில் டூயட் பாடும் இடம் மாதிரியே இருக்குமாம்.

தொண்ணூற்றெட்டு அக்டோபர் அது. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஏப்ரலில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து மகளின் பிரசவத்துக்காக வந்திருந்தார். பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அத்தைக்கு ஆறு மாத விசா. இருபத்தாறாம் தேதி திரும்ப டிக்கெட். பத்து நாளாகவே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கலர் பென்சில், ஊரில் இருக்கும் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ஸ்வெட்டர் என்று வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த டிக்கெட்டை நாங்கள் அடுத்த ஏப்ரலுக்கு மாற்றியிருந்தோம். என் மனைவிக்கு பார்சிப்பனியில் வேலை கிடைத்திருந்தது, நவம்பரில் சேர வேண்டும். ஐந்து மாதக் குழந்தையை டே-கேரில் விட இருவருக்குமே மனம் வரவில்லை. விசாவை நீட்டிக்க ஃபாரம் வாங்கி, நிரப்பி, அத்தையிடம் கையெழுத்து வாங்கி, செப்டம்பரிலேயே தபாலில் போட்டாயிற்று. இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா என்றாள் மகள். அத்தை பேனாவை வாங்கிப் பொறுமையாகப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அது என்ன காகிதம் என்று நாங்களும் சொல்லவில்லை.

இதை அவரிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீங்க சொன்னா அம்மா தட்ட மாட்டாங்க. நான் ஆரம்பிச்சா அழுதுருவேன்" என்றாள். பஸ் கிளம்பும் நாள் விடியற்காலையில் பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது, நான் வரவில்லை, நீங்கள் இருவரும் போய் வாருங்கள் என்றாள். தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் சுடவில்லை. மாட்டிவிட்டாள் என்று புரிந்தது.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை முன்னால் மாமியார் உட்கார மாட்டார், நேருக்கு நேர் பேசவும் மாட்டார். எடிசனில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு ஆறு மாதம் இதைக் கடைப்பிடித்தோம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் ஹாலுக்கு வந்தால் அவர் சமையலறைக்குப் போவார். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மகள் மூலமாகக் கேட்பார். மகள் இல்லாவிட்டால் பாப்பாவிடம். "அப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு சாமி" என்பார். நானும் பாப்பாவைப் பார்த்து, அரை டம்ளர் போதும் என்பேன். வாய் திறக்கத் தெரியாத அந்தக் குழந்தைதான் எங்கள் தபால்காரர். அன்றைக்கு அதுவும் கூட இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் முதல் சிக்கல். எங்களுக்குக் கொடுத்தது ஜோடி சீட். அத்தை என் பக்கத்தில் எப்படி உட்காருவார்? பின்னால் நாலு வரிசை தள்ளி ஒரு குஜராத்தி அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த சீட்டுக்கு உரியவர் வந்தார், நான் என் பக்கத்து சீட்டைக் கொடுத்தேன். கைடு பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணினார், பெயருக்கும் சீட்டுக்கும் பொருந்தவில்லை, மறுபடி எண்ணினார். உங்கள் அம்மா ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று என்னைக் கேட்டார். அம்மா இல்லை, மனைவியின் அம்மா என்றேன். அதனால் என்ன என்று கேட்டார். அதை இங்கிலீஷில் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அசடு வழிந்தேன்.

இரண்டாவது சிக்கல் மூன்று ஊர்களும் ஒரே மாதிரி இருந்ததுதான். மர மாடங்களில் சிவப்புப் பூத்தொட்டிகள், உச்சியில் மணிக்கூண்டு, குயில் கூவும் கடிகாரம் விற்கும் கடை, ஃபட்ஜ் என்ற பால் இனிப்பு விற்கும் கடை. கைடு ஒவ்வொரு ஊரிலும் மைக்கைப் பிடித்து, இப்போது நாம் ஆஸ்திரியாவில் இருக்கிறோம், இப்போது சுவிட்சர்லாந்தில் இருக்கிறோம் என்று ஜோக் அடித்தார். இன்றைக்கும் எந்தக் கடை எந்த ஊரில் இருந்தது என்று கேட்டால் நான் முழிப்பேன். இறங்கும்போது அத்தை மஞ்சள் துணிப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டார். சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கும் என்று மகள் சொன்னதில் அந்த 'மாதிரி' அவருக்குப் பெரிதாகப் படவில்லை போல. காட்டத் தேவையில்லை என்று சொல்ல நினைத்தேன். யாரைப் பார்த்துச் சொல்வது?

முதல் ஊரில் நான் முன்னால் நடந்தேன், அவர் பத்தடி பின்னால் வந்தார். மாமியாரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது எனக்கும் மரியாதையாகப் படவில்லை. நான் நின்றால் அவர் நிற்பார். கடை ஜன்னலில் அவருடைய நிழலைப் பார்த்து, வருகிறார் என்று தெரிந்துகொள்வேன். எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை வேறு. இரண்டாவது ஊரில் சாப்பாட்டுக்குப் பிறகும் அப்படியே நடந்தேன். மணிக்கூண்டைச் சுற்றி, கடிகாரக் கடை வழியாக, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து ஏறி உட்கார்ந்தேன். கைடு எண்ணினார். ஒருவர் குறைந்தார். நாலு வரிசைக்குப் பின்னால் குஜராத்தி அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இங்கிலீஷ் தெரியாத பெண்மணி, கையில் பாஸ்போர்ட், வீட்டு போன் நம்பர் கூட எழுதித் தரவில்லை. வந்த வழியே ஓடினேன். கடிகாரக் கடை, ஃபட்ஜ் கடை, பெண்கள் கழிப்பறை வாசல் என்று எல்லா இடத்திலும் போய், புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மணிக்கூண்டுக்குக் கீழே நின்றபோது, இவரைத்தான் நாம் இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளப் போகிறோமா என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்து விஷயம் வெளியே வந்தது. எங்கள் டூர் கம்பெனியின் இன்னொரு பஸ்ஸும் அதே வெள்ளை நிறத்தில் அங்கே நின்றிருந்தது. அது நயாகராவுக்கு இரண்டு நாள் போகிற பஸ். அதில் எத்தனை தடவை எண்ணினாலும் ஒருவர் அதிகமாக வந்தாராம். யாருடன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு அத்தை முன் சீட்டில் இருந்த ஒருவரைக் காட்டியிருக்கிறார். அவர் தெலுங்குக்காரர், பக்கத்தில் மனைவி. தனக்கு இவரைத் தெரியவே தெரியாது என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் போய் ஏறினேன். அவரும் என்னைப் போலவே நீல ஜெர்கின் போட்டிருந்தார். அந்த வருஷம் நியூ ஜெர்சிக்கு வந்து இறங்கிய நம்மாட்களில் பாதிப்பேர் ஒரே கடையில் வாங்கிய ஜெர்கின் அது. என் முகத்தை நிமிர்ந்து பார்க்காத அத்தை, காலையிலிருந்து அந்த நீலத்தைப் பார்த்துத்தான் நடந்து வந்திருக்கிறார். எங்கோ ஒரு முனையில் நீலம் மாறிவிட்டது.

என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. பயந்துவிட்டாரா, வெட்கப்பட்டாரா, எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றும் தெரியவில்லை. "வாங்க அத்தை" என்றேன். நான் அவரை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கைடு இந்த முறை விடவில்லை. இருவரையும் ஒரே ஜோடி சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் பஸ்ஸை எடுக்கச் சொன்னார். அத்தை ஜன்னல் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். நான் நடைபாதைப் பக்கம் ஒரு காலை வெளியே நீட்டி, பாதி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஊரில் இருவரும் இறங்கவே இல்லை. திரும்பும்போது மலை முழுக்க இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்து போட்டோ எடுத்தது. அத்தை மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் தள்ளிப்போட்டால் எடிசன் வந்துவிடும் என்று விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டேன். "அத்தை, உங்க விசாவை இன்னும் ஆறு மாசத்துக்கு எக்ஸ்டெண்ட் பண்ண அப்ளை பண்ணியிருக்கோம். டிக்கெட்டையும் ஏப்ரலுக்கு மாத்தியாச்சு. அவ வேலைக்குப் போறா, பாப்பாவைப் பாத்துக்க ஆளில்லை."

கேட்பார், அழுவார், மகளிடம் பேசுகிறேன் என்பார் என்றெல்லாம் நினைத்துப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் உடனே சொன்னார். "செரிங்க மாப்ள. நீங்க சொன்னாச் செரிதானுங்க."

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பத்து மைல் கூடத் தாங்கவில்லை. ஏன் சரி என்றார்? சந்தோஷமா, வருத்தமா? அவர் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆறு மாதத்தில் அந்த முகத்தை நானும் பார்த்துப் பழகியிருக்கவில்லை.

பஸ் ஃப்ரீவேயில் ஏறிய பிறகு அவராகவே பேசினார். ஜன்னலைப் பார்த்தபடி, ரொம்ப மெதுவாக. "உங்க மாமாவுக்கு நீங்களே ஒரு போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க. கண்ணு ஆப்பரேசனை நான் வந்தாத்தான்னு தள்ளிப் போட்டுட்டே இருக்கறாங்க. நீங்க சொன்னா அவுங்களும் செரின்னுருவாங்க."

என்ன ஆப்பரேஷன் என்று கேட்டேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அநேகமாக ஒன்றும் தெரிவதில்லை என்றார். துணிப்பையிலிருந்து மாமாவின் கடிதங்களை எடுத்து என் கையில் கொடுத்தார். மே மாதக் கடிதம் பொடி எழுத்தில் ஏர்மெயில் தாளை நிறைத்திருந்தது. ஜூலையில் எழுத்து பெரிதாகியிருந்தது. கடைசிக் கடிதத்தில் நாலே வரிதான், ஒவ்வொரு எழுத்தும் கட்டை விரல் அளவு, வரி சரிந்து தாளை விட்டு வெளியே ஓடியிருந்தது. நீ பத்திரமாக வந்து சேர், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று இருந்தது. கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி புருவத்தை உயர்த்தினாள். அத்தை அவளைத் தாண்டி உள்ளே போய் கை கழுவி, தொட்டியில் கிடந்த பாப்பாவின் பால் பாட்டில்களைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் மனைவியிடம் மாமாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது. பாப்பாவைத் தோளில் போட்டபடியே சமையலறைக்குப் போனாள். வாரா வாரம் போனில் பேசுகிறேனே, அப்பா நல்லா இருக்கேன்னு சொன்னாரே, நீயாவது ஏம்மா என்கிட்டச் சொல்லலை என்று கேட்டாள்.

அத்தை பாட்டிலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். குரலில் கோபமெல்லாம் இல்லை. "நீ அவுங்களைக் கேட்டே, அவுங்க சொன்னாங்க. என்னைய நீ கேக்கலியே சாமி. கையெழுத்துப் போடுன்னே, போட்டேன். போறியா இருக்கறியான்னு யாரும் கேக்கலியே."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மனைவி அழுதுகொண்டிருந்தாள். கேட்க வேண்டியது யார் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் நான்தான் சமையலறை வாசலில் நின்று, போறீங்களா, இருக்கறீங்களா அத்தை என்று கேட்டேன்.

அவர் குழாயை மூடினார். மகளைப் பார்த்தார். அவள் தோளில் தூங்கிப்போயிருந்த குழந்தையைப் பார்த்தார். என்னிடம் என்ன பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்பது போல இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சொல்லத் தெரியலீங்களே என்றார். நாங்கள் காத்திருந்தோம். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"போகோணுங்க மாப்ள" என்றார்.