வாடிக்கையாளர் பக்கத்துத் திரை

திண்டிவனத்தில் எங்கள் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்வது என் மருமகள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் படத்தில் யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்று அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். ஒரே கம்ப்யூட்டர் திரையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சுகமாகத்தான் இருந்தோம். வருகிறவர்கள் அவள் தோள்மேல் விழுந்து எட்டிப் பார்க்கிறார்களே என்று என் மகன் இன்னொரு திரை வாங்கி, அவர்கள் பக்கமாக வைத்தான். இவள் செய்வதெல்லாம் அதிலும் தெரியும். அன்றிலிருந்து ஆளுக்கொரு யோசனை.

ஒரு நாள் கோலியனூர்ப் பெண்ணொருத்தி அம்மாவோடும் மாமியாரோடும் வந்தாள். அவள் புருஷன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். அதற்குள் ஆல்பத்தை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அச்சடிக்க அன்று சாயங்காலமே சென்னைக்கு அனுப்பினால்தான் ஆகும்.

முதல் பக்கத்திலேயே வேலை நின்றுவிட்டது.

“இன்னாம்மா, எங்க வூட்டு ஆளுங்க மட்டும் ஓரத்துல நிக்கறாங்க?” என்றாள் மாமியார்.

“நடுவுல நிக்கறது பொண்ணு மாப்ள, சம்மந்தி. அவங்களத் தள்ளிடலாமா?” என்றாள் அம்மா.

“உங்க அண்ணன் தொப்பையத் தள்ளுனாப் போதும். எடம் தானா வந்துடும்.”

என் மருமகள் அந்த அண்ணனை ஓரமாகத் தள்ளினாள். அம்மா முகம் வாடியதும் திரும்பக் கொண்டுவந்தாள். மனுஷன் போவதும் வருவதுமாக இருந்தார்.

“இன்னிக்கு அனுப்பிடுவீங்களாக்கா?” என்று மருமகளிடம் மெல்லக் கேட்டாள் அந்தப் பெண்.

நான் துடைப்பத்தை எடுத்தேன். பெருக்குகிற சாக்கில் குனிந்து அவர்கள் பக்கத்துத் திரையின் வயரை உருவினேன்.

“ஐய, இன்னா ஆச்சு?”

“சூடாயிட்சி. கொஞ்ச நேரம் ஆறட்டும். வாங்க, டீ குடிச்சிட்டு வரலாம்,” என்று சம்பந்திகள் இரண்டு பேரையும் கூட்டிப் போனேன்.

டீக்கடையில் பேச்சு ஊருக்குப் போகிற பிள்ளையிடம் போயிற்று.

“போற எடத்துல இன்னாத்த துன்னுமோ,” என்று மாமியார் கண்ணைத் துடைத்தாள்.

“மல்லாட்டை உருண்டை புடிச்சிக் குடுப்போம் சம்மந்தி. நான் வெல்லம் எடுத்துக்கினு வர்றேன்,” என்றாள் அம்மா.

நாங்கள் திரும்பியபோது அந்தப் பெண்ணும் மருமகளும் ஒரே திரையில் தலையோடு தலை ஒட்டி, கடைசிப் பக்கத்தை முடித்திருந்தார்கள். முதல் பக்கத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும். அடுத்த பக்கத்தில் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே. அண்ணன் தொப்பையோடு முழுசாக இருந்தார். உருண்டைக்கு எத்தனை படி வேர்க்கடலை என்ற பேச்சில் இருந்த சம்பந்திகள் தலையாட்டிவிட்டார்கள். ஆல்பம் அன்றே பென்டிரைவில் சென்னை பஸ் ஏறியது.

“வயர யாரு கழட்டுனது?” என்று மகன் கேட்டான்.

“அத்த பெருக்கும்போது அவங்க கால் பட்ருச்சி,” என்றாள் மருமகள், என் முகத்தைப் பார்க்காமலே.

அதற்கப்புறம் கடையில் யோசனை அதிகமானால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்: “அத்த, கொஞ்சம் பெருக்கிடுங்களேன்.”