பலகையின் வலது பாதி

எங்கள் மாலைக் கல்லூரியின் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் புதுக் கட்டடத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நாலு மாடி, வரிசையாக மின்விசிறிகள், வாசலில் கொடிக்கம்பம், ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனிதர். அதற்கு முன்னால் இரவல் இடத்தில் வகுப்பு நடந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. இந்த ஊருக்கு வந்த பிறகு நான் மனிதனாக இருந்ததே அந்த இரவல் இடத்தில்தான்.

அறுபதுகள் பிறக்கிற சமயம். பகலில் அது சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பிள்ளைகள் போனதும் நாங்கள் வருவோம். துறைமுகத் தொழிலாளி, தபால்காரர், பஸ் கண்டக்டர், கப்பல் பட்டறைக்காரர் என்று எல்லாரும் வேலை முடிந்த வேர்வையோடு வந்து உட்காருவார்கள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழியாமல் இருக்கும். அந்தக் குட்டி மேசைக்கும் பெஞ்சுக்கும் நடுவே முழங்காலை நுழைப்பதே ஒரு வித்தை. முட்டி இடிக்காமல் உட்கார்ந்தவன் எவனும் இல்லை.

நான் ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். இயந்திரப் பாகங்களைப் படம் வரையக் கற்றுக்கொண்டால் பட்டறைகளில் நல்ல வேலை கிடைக்கும், அதற்காகத்தான் சேர்ந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. தேக்காவில் ஒரு தையல் கடைக்கு மேலே என் அறை. என்னோடு தங்கியிருந்த மூன்று பேரும் துறைமுகத்தில் இரவுக் காவல். நான் படியேறும்போது அவர்கள் இறங்குவார்கள். "என்னண்ணே, இன்னிக்கும் காலேஜா? படிச்சு கவர்னர் ஆயிட்டா எங்கள மறந்துடாதீங்க லா" என்று ஒருவர் தினமும் கேலி செய்வார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு கீழே ஓடும் தையல் மெஷின் சத்தம்தான் துணை. அதுவும் நின்றுவிட்டால் எனக்கு அழுகை வரும். பேச ஓர் ஆள் வேண்டும் என்றுதான் கல்லூரிக்குப் போனேன்.

போன இடத்திலும் ஆள் கிடைக்கவில்லை. வரைபட வகுப்பில் சீனர்கள் ஒரு பக்கம், மலாய்க்காரர்கள் ஒரு பக்கம். தமிழன் என்று நான் ஒருவன்தான். இடைவேளையில் அவரவர் கூட்டமாக டீ, காப்பி விற்கும் சரபாத் கடைக்குப் போவார்கள். நான் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்த் தாகமில்லாமல் தண்ணீர் குடிப்பேன்.

பற்றாக்குறைதான் என்னைக் காப்பாற்றியது. வரைபலகை போதவில்லை, தாளும் போதவில்லை. இரண்டு பேருக்கு ஒரு பலகை, ஒரு தாள் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து ஆளுக்குப் பாதி. என் பங்காளியாக வந்தவர் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிற ஒரு ஹொக்கியன் சீனர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முன்கை முழுக்கத் தீப்பொறி சுட்ட புள்ளிகள். அவருக்கு இடது கைப் பழக்கம். முதல் நாளே முழங்கையும் முழங்கையும் மோதிக்கொண்டன. அவர் எழுந்து, என் தோளைப் பிடித்து வலது பக்கம் நகர்த்திவிட்டு, தான் இடது பக்கம் உட்கார்ந்தார். அன்றிலிருந்து வலது பாதி என்னுடையது.

நீளமாகக் கோடு போட டீ-ஸ்கொயர் என்று ஒரு மர அளவுகோல். எங்களுக்கு வாய்த்ததில் தலைக்கட்டை லொடலொடவென்று ஆடும். ஒருவர் அழுத்திப் பிடித்தால்தான் இன்னொருவர் கோடு போட முடியும். நான் வரையும்போது அவர் அதன் தலையைப் பிடிப்பார். அவர் வரையும்போது நான் வாலைப் பிடிப்பேன். அவருடைய இடது கை போட்ட கோட்டின் மேலேயே உரசிக்கொண்டு போகும். அதனால் அவர் பாதி எப்போதும் பென்சில் கரி இழுபட்டு, புகை படிந்த சுவர் மாதிரி இருக்கும். வாத்தியார் திட்டுவார். இவர் சட்டைக் கையால் துடைப்பார், இன்னும் அதிகமாகும். நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம்.

எங்களுக்குள் பொதுவாக இருந்தது சந்தையில் பேசுகிற அரைகுறை மலாய்தான். அவர் பெயர் என் வாயில் நுழையவில்லை, என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. நண்பன் என்பதற்கான மலாய்ச் சொல்லையே வைத்துக்கொண்டோம். அவரும் எனக்குக் கவான், நானும் அவருக்குக் கவான். வந்து உட்கார்ந்ததும் "சூடா மாக்கான்?" என்பார். சாப்பிட்டாயா என்று இந்த ஊரில் என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். இடைவேளையில் அவருக்குக் காப்பி, எனக்கு டீ. பெரிதாக எதுவும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அந்த நாட்களில் நான் தண்ணீர்க் குழாயடிக்குப் போகவில்லை.

புதுக் கட்டடம் முடிந்துவிட்டது என்று அறிவித்தபோது வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆளுக்கு ஒரு பலகை, ஆளுக்கு ஒரு தாள், ஆடாத அளவுகோல். கடைசி நாள் அவர் "ஜும்பா லாகி" என்றார், மறுபடியும் பார்ப்போம் என்று. புது இடத்தில் பார்க்கத்தானே போகிறோம் என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அங்கே எங்களை இரண்டு பிரிவாக்கியிருந்தார்கள். அவர் வேறு பிரிவு, வேறு நாட்கள், வேறு வாத்தியார். தாராளமாகக் கால் நீட்டி உட்காரலாம், முட்டி இடிக்காது. பெரிய மேசையில், நல்ல வெளிச்சத்தில், நான் மட்டும். யாரும் யாருக்கும் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. என் புது வாத்தியார் சுற்றி வந்தவர் என் மேசையருகே நின்றுவிட்டார். தாளின் வலது பாதியில் படத்தை நெருக்கி வரைந்திருந்தேன். இடது பாதி வெள்ளையாகக் கிடந்தது. இது ஏன் காலி என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அது இன்னொருத்தர் இடம் சார் என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. அடுத்த தாளிலும் கை தானாக வலது பக்கமே போனது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த கிராணி தமிழர்.

"யாரத் தேடுறீங்கண்ணே? பேர் என்ன?"

"கவான்."

"அது கூட்டாளின்னு அர்த்தம். நான் பேரக் கேட்டேன்."

"பேர் சரியாத் தெரியாது. சீனரு. வெல்டிங் பாக்குறாரு. எடது கைப் பழக்கம்."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "எடது கையெல்லாம் ரெஜிஸ்டர்ல எழுத மாட்டாங்கண்ணே" என்றார். பிறகு மனமிரங்கி, இன்னொரு பிரிவு செவ்வாய்க்கிழமை மேல்மாடியில் கூடும், நேரில் போய்ப் பாருங்க என்றார்.

செவ்வாய்க்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வகுப்பு ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள், அவர் வரவில்லை. வாத்தியாரிடம் அடையாளம் சொன்னேன். தீப்பொறிக் காயம் என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஜூரோங் பக்கம் புதிதாக வந்த பட்டறையில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். அங்கிருந்து மாலை வகுப்புக்கு வந்து சேர முடியாதாம். இனிமேல் வரமாட்டார் என்றார்.

திரும்பும்போது சுவரைப் பார்த்தேன். அந்தப் பிரிவு வரைந்த தாள்களை வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் தாள் நிறையப் படம். கடைசித் தாளில் மட்டும் இடது பாதியில் ஒரு கப்பிச் சக்கரம், இழுபட்ட பென்சில் கரியோடு. வலது பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை.

வகுப்பு தொடங்குகிறது, வெளியே போங்கள் என்று வாத்தியார் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். படியிறங்கும்போது ஒன்றைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. இது ஏன் காலி என்று அவரையும் கேட்டிருப்பார்கள். அவர் என்ன பதில் சொன்னார்?