பெயரில்லாத தெருக்களில் ஹெட்விகா

எங்கள் ஊர்த் தபால்காரி ஹெட்விகாவுக்கு நாயைப் பிடிக்காது, அதிகாரிகளை அதைவிடப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடம் ஒரே சுற்று. எந்த வீட்டு மருமகளின் கடிதத்தை மாமியார் கையில் கொடுக்கக் கூடாது என்பது வரை அவளுக்கு அத்துப்படி. ஒரு கடிதம்கூடத் தொலைத்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டாத நாளும் இல்லை. நான் அலோய்ஸ், அதே தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிறவன். அவளைவிடப் பத்து வயது இளையவன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அறுபத்தெட்டு ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் எங்கள் நாட்டுக்குள் வந்தன. சகோதர உதவியாம். எந்தச் சகோதரன் பீரங்கியோடு வீட்டுக்கு வருவான்? மூன்றாம் நாள் ரகசிய வானொலி சொன்னது: தெருப் பெயர், கதவு எண், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் கழற்றுங்கள், கைது செய்ய வருகிறவர்கள் வழி தெரியாமல் சுற்றட்டும். ஒரு மணி நேரத்தில் ஊரே மொட்டையாகிவிட்டது. பீர் கடைக்காரர் தன் கடைப் பலகையையும் இறக்கிவிட்டார். அன்றைக்குத்தான் அங்கே கூட்டம் அதிகம்.

அந்த வானொலியை ஒலிபரப்பும் கருவி ஒன்று, லிண்டன் தெருவில் பொறியாளர் ரெஹோர் வீட்டுப் பரணில் இருந்தது. பாதி ஊருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு கேப்டன் நான்கு சிப்பாய்களோடு தபால் நிலையத்துக்குள் வந்தான். சின்ன வயசு, வெயிலில் தோல் உரிந்த மூக்கு. கையில் ஒரு தாள். அதில் ரெஹோரின் பெயரும் முகவரியும் இருந்தன. வீடு எங்கே என்று ரஷ்ய மொழியில் கேட்டான். ஹெட்விகா புரியவில்லை என்று கையை விரித்தாள். நானும் விரித்தேன். பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழியில் முதல் மதிப்பெண் வாங்கியவன் நான்.

அப்போது அவன் கண் அவளுடைய பையில் விழுந்தது. ஒரு கடிதக் கட்டை உருவி, மேலே இருந்த கடிதத்தைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான். சிரித்தான். கதவுகளிலிருந்து கழற்றிய பெயரெல்லாம் அந்தப் பையில் இருந்தன, அதுவும் அவள் நடக்கிற வரிசையிலேயே. இத்தனை புத்திசாலிகள் உள்ள ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அன்று காலை அந்த வரிசையை அடுக்கிய மகா புத்திசாலி நான்தான்.

“இவள் தினமும் போகிற மாதிரி போகட்டும். நீ ஒவ்வொரு முகவரியையும் சத்தமாகப் படி” என்றான் கேப்டன், என்னைப் பார்த்து. நான் தலையாட்டிவிட்டேன். மொழி தெரியாதவன் வேஷம் அதோடு கலைந்தது.

நடந்தோம். நான் படிக்க, அவள் பெட்டியில் போட, பின்னால் பூட்ஸ் சத்தம்.

“அக்கா, என்ன பண்ணப் போற?” என்று உதடு அசையாமல் கேட்டேன்.

“கடுதாசி போடப் போறேன். வேறென்ன வேலை எனக்கு?”

“பாலம் தாண்டினா லிண்டன் தெரு.”

“அடேங்கப்பா, எனக்கே வழி சொல்றியா? ஒழுங்காப் பிடிடா, உன் நடுக்கத்துல காகிதம் கிழிஞ்சிரும்.”

திரைச்சீலைகளுக்குப் பின்னால் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கிழவர் ஹவெல்கா வாசலுக்கே வந்து அவள் காலடியில் துப்பினார். “த்தூ! அவனுங்களுக்கு வழி காட்டுறியா? வெட்கமா இல்ல?”

“உங்க பென்ஷன் கடுதாசி. முதல்ல இதை வாங்கிக்குங்க, அப்புறம் துப்புங்க” என்றாள். அவள் கழுத்தில் வியர்வை ஓடியதை நான்தான் பார்த்தேன்.

ஆலை ஓடையின் பாலத்துக்கு வந்தோம். மழை பெய்த வாரம், தண்ணீர் பழுப்பாகப் பொங்கி ஓடியது. “படி” என்றான் கேப்டன். வேறு ஏதாவது ஒரு தெருவைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய் போதும். நான் சரியாகவே படித்தேன்: “லிண்டன் தெரு, இரண்டு.”

ஹெட்விகா என் கையிலிருந்த கடிதக் கட்டைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தாள். பையைத் தோளிலிருந்து கழற்றி, கைப்பிடிச் சுவருக்கு மேலாக ஓடையில் எறிந்தாள்.

ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் தோளில் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேப்டன் வானத்தை நோக்கிச் சுட்டான். யாரும் கேட்காமலே நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டேன்.

அந்த வெடிச்சத்தம் ரெஹோருக்குப் போதுமானதாக இருந்தது. கதவு கதவாகத் தட்டி அவர்கள் அவர் பரணை எட்டியபோது தூசிதான் இருந்தது. வார முடிவில் அவர் ஆஸ்திரியாவில் இருந்தார். ஹெட்விகாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் மூன்று நாள் கழித்து விட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் அவளைக் கொண்டாடியது. கிழவர் ஹவெல்காவே பிளம் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகு எழுபதாம் வருடம் வந்தது. டாங்கிகள் திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு கட்சிக் குழு உட்கார்ந்து, சகோதர உதவியை ஏற்கிறீர்களா என்று கேட்டது. என் முறை வந்தபோது ஒரு தாளைத் தள்ளினார்கள். தபால்காரி ஹெட்விகா மக்களின் கடிதங்களை வேண்டுமென்றே அழித்தாள், நான் நேரில் கண்டேன் என்று எழுதியிருந்தது. “உங்க பொண்ணு யர்மிலா உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிச்சிருக்கா, இல்லையா?” என்று குழுத் தலைவர் அன்பாகக் கேட்டார். அந்த அன்புதான் என்னை நடுங்க வைத்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவளை வேலையிலிருந்து தூக்கினார்கள். பீர் ஆலையில் பாட்டில் கழுவப் போனாள். எட்டு மாதம் அவள் கண்ணில் படாமல் சந்து சந்தாக ஒளிந்து நடந்தேன். கடைசியில் இறைச்சிக் கடை வரிசையில், எனக்கு நேர் முன்னால் நின்றாள். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

“என்னடா அலோய்ஸ், பொண்ணு பள்ளிக்கூடம் போறாளா?”

“போறா, அக்கா.” எனக்கு அழுகை முட்டியது. “பயந்துட்டேன். உன்னை மாதிரி தைரியம் எனக்கு இல்ல.”

அவளுக்குக் கோபம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“யாருடா தைரியசாலி? அன்னிக்கு அந்தப் பாலத்துல பாவாடையோட மூத்திரம் போயிட்டேன். அப்படியே நனைஞ்சுக்கிட்டுதான் தூக்கிப் போட்டேன்.”