தாமதமாக வந்த ‘கிளம்பிட்டேன்’

கம்பெனி ஆப்பில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் கம்பெனியின் டவுன் ஆபீஸ்காரர். மலைக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக ஏறியிருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளிறிப்போயிருந்தது. நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து செய்தி போட்டால் என்ன ஆகும்? போன் அதைத் தானாகவே வைத்திருந்து சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரி. காலை பஸ்ஸில் மேலே ஏறி, சோளக்காடு என்கிற ஊரில் மிளகு வாங்கும் கம்பெனியின் சின்ன ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் இறங்குகிறவள். கணக்குப் பார்க்க வந்த என்னை, அந்த ஆப் வந்த பிறகு போன் வைத்தியச்சி ஆக்கிவிட்டார்கள். “அக்கா, கடிகாரப் படம் ஒன்னு நிக்குதுங்க, மெசேஜ் போக மாட்டேங்குது” என்று யாராவது வந்து நிற்பார்கள். ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுப்பேன், பேட்டரி சேவரை அணைப்பேன், தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். எதற்கும் மசியாவிட்டால் போனையே அணைத்துப் போடுவேன். பாதி நாள் இதிலேயே போகும். டவுன் ஆபீசைக் கூப்பிட்டுக் கேட்டால், “ஆப்ல ஒரு கோளாறும் இல்லம்மா, உங்க ஊரு நெட்வொர்க்தான்” என்பார்கள். என்னவோ மலையை நான் கொண்டுவந்து குறுக்கே வைத்த மாதிரி.

எங்கள் ஆட்களில் ஒருவர் தேவனூர் நாட்டுப் பக்கம் போய் வீடு வீடாக மிளகு எடுத்து வருவார். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். வீடு சோளக்காட்டிலேயே. அவர் மனைவி சந்தையில் அன்னாசி விற்றாள். பைக்கின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு, ரோட்டைச் சுற்றாமல் காட்டுக்குள் ஓடும் குறுக்கு வழியில் அவர் வருவார். நடுவில் ஓர் ஓடை உண்டு. அந்த வழியில் சிக்னல் சுத்தமாகக் கிடையாது, அந்த ஊர்களிலும் ரோட்டு மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. புறப்படும் முன் ‘கிளம்பிட்டேன்’ என்று குரூப்பில் போட வேண்டும். அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஆள் வந்து சேராவிட்டால், ஆபீசில் மூட்டை தூக்கும் இருவரும் எதிரே போய்ப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஆகியும் அவரிடமிருந்து செய்தி இல்லை. ‘எங்க இருக்கீங்க? மழை வருது’ என்று போட்டேன். ஒற்றை டிக்கோடு நின்றது. என் போனை அணைத்துப் போட்டேன். அப்போதும் ஒற்றை டிக்தான். மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னமோ மனசு சரியில்லீங்க. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா?” என்று கேட்டவர், கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

அதே நேரம் மிளகெடுக்கப் போனவரின் மனைவியும் வந்தாள். கூடையில் பாதிப் பழம் விற்காமல் கிடந்தது.

“ஏனுங்கக்கா, அவரு கிளம்பிட்டாருங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் போன் சத்தம் போட்டது. அவர் பெயர், அதன் கீழே ‘கிளம்பிட்டேன்’. பக்கத்தில் பச்சைப் புள்ளி. நான் போட்டிருந்த செய்திக்கும் இரண்டாவது டிக் விழுந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“பாரு கண்ணு, உங்க ஊட்டுக்காரரு இப்பத்தான் கிளம்புறாராம். நாம இங்க கெடந்து தவிக்கிறோம்.”

அவளும் சிரித்தாள். “மழைக்கு நின்னு வந்தா என்னவாம்? சொல்லுங்கக்கா” என்றாள். ‘மழை விடட்டும், அங்கேயே நில்லுங்க’ என்று தட்டினேன். உடனே இரண்டு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பெரியவரும் செய்தியைப் பார்த்துவிட்டுக் கோணிப்பையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி பச்சையாகவே எரிந்தது. ஆள் இருக்கிறார், செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் படிக்கவில்லை. ‘நின்னுட்டீங்களா?’ என்று கேட்டேன். அதற்கும் இரண்டு டிக். அதையும் படிக்கவில்லை. எரிச்சலாக வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு அப்படி என்ன வேலை இந்த மனுஷனுக்கு என்று திட்டினேன்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் பால்காரர் ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். தேவனூர்ப் பக்கத்திலிருந்து ரோட்டு வழியாகப் பால் கொண்டு வருகிறவர். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். உள்ளே இருந்த போனை என் மேஜைமேல் வைத்தார்.

“அண்ணன் குடுக்கச் சொன்னாருங்க. மேட்டுக்குக் கீழயே என்ற வண்டி நின்னுபோச்சு. சரிபண்ணி மேடு ஏறுனா மழை புடிச்சுக்கிச்சு, ஒதுங்கி நின்னு வரக்குள்ள இந்நேரம் ஆயிருச்சுங்க.”

அதன் திரையில் நான் போட்ட செய்திகள் வரிசையாக நின்றன.

“அவரு எங்க?” என்றேன்.

“அவரு மத்தியானமே குறுக்கு வழியில வந்துட்டாருங்களே. இன்னும் வரலீங்களா?”

பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் புறப்படும்போது செய்தியைத் தட்டி, பட்டனை அமுக்கி, மேட்டு வழியாக வருகிற பால்காரரிடம் போனைக் கொடுத்துவிட்டிருக்கிறார். மேடு ஏறியதும் சிக்னல் கிடைத்துச் செய்தி தானாகப் போய்விடும், ஆள் வருவதற்கு முன்பே ஆபீசுக்குத் தெரிந்துவிடும். இதை அவர் மட்டும் செய்யவில்லை. அந்தப் பக்கம் போகிற எங்கள் ஆட்கள் எல்லோருமே கொஞ்ச நாளாக இப்படித்தான் செய்துவந்திருக்கிறார்கள். கம்பெனி போனை அடுத்தவர் கையில் கொடுத்தால் திட்டு விழும் என்று ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். எழுதிய நேரம் மத்தியானம் என்று இருந்தது. வந்து சேர்ந்த நேரத்தைத்தான் ஆப் எங்களுக்குக் காட்டியிருக்கிறது.

பெரியவரும் மற்றவரும் ஏற்கனவே மழையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பால்காரரும் பின்னாலேயே ஓடினார்.

அன்றைக்கு நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. ஓடைக் கரையில், சரிந்து கிடந்த வண்டிக்கு அடியில் அவரைக் கண்டுபிடித்தார்கள். கால் மாட்டிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டிய செடி ஒன்றில் துண்டைக் கட்டிவிட்டிருந்தார், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. ஓடையில் தண்ணீர் ஏறியது பெரிய மழைக்குப் பிறகுதான். அதுவரைக்கும் அங்கே முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை என்றார் பெரியவர். அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மேலே மரவள்ளிக் காட்டில் களை எடுத்த ஒருவர், மத்தியானத்திலிருந்து வண்டி ஹாரன் விட்டு விட்டுக் கேட்டதாகச் சொன்னார். வழியில் யாரோ மாடுகளை விலக்குகிறார்கள் என்று நினைத்தாராம். மழை வலுக்கிறவரைக்கும் கேட்டதாம்.

டவுன் ஆபீசிலிருந்து போன் செய்தார்கள். வருத்தமாகத்தான் பேசினார்கள். பேசி முடித்துவிட்டு, “ஆப்ல கோளாறு இல்லம்மா, செக் பண்ணிட்டோம், எல்லா மெசேஜும் டெலிவர் ஆயிருக்கு” என்றார்கள். நான் போனை வைத்துவிட்டேன். என்ன சொன்னாலும் அசிங்கமாகத்தான் வாயில் வந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அவள் ஆபீசுக்கு வந்தாள். அவருடைய சட்டையும் செருப்பும் எங்களிடம் இருந்தன, அவற்றை வாங்கிப் போக. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒன்னு கேக்கட்டுங்களா?”

“கேளு கண்ணு.”

“நீங்க எனக்குப் போனைக் காட்டுனீங்களே, அப்ப அவரு ஹாரன் அடிச்சுக்கிட்டு இருந்திருப்பாருங்களா?”

பொய் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம் கண்ணு” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து வாசல்வரைக்கும் போனவள், திரும்பாமலே சொன்னாள்.

“நான் ஊட்டுக்குப் போயி அவருக்குக் குளிக்கத் தண்ணி காய வெச்சேனுங்கக்கா.”