வசந்தா ஆட்டோவில் ஏறாத கிரிவலம்

இந்த முறை நான் திருவண்ணாமலைக்குப் போனது அண்ணாமலையாரைப் பார்க்க அல்ல, என் தங்கை வசந்தாவோடு மலை சுற்ற. வசந்தாவுக்கு முப்பத்தாறு வயது. பிறவியிலிருந்தே அறிவுசார் குறைபாடு உண்டு, பாதமும் தட்டை. அடி அண்ணாமலையில், அவளைப் போன்ற ஆறு பேர் சேர்ந்து வாழும் ஒரு வாடகை வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறாள். மகளை வெளியே விட்டதில் அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்த வீட்டுப் பக்கம் இதுவரை வந்ததே இல்லை, போனோடு சரி.

கிரிவலப் பாதை வாசலுக்கு எதிரிலேயே போகிறது. பௌர்ணமிதோறும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் தாண்டிப் போவதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு ஞாயிறும் போனில் வசந்தாவுக்கு ஒரே பாட்டுதான்: "நானும் சுத்தணும். நடந்து." அம்மாவுக்கும் ஒரே பதில்தான்: "உன்னால முடியாதுடி." டாக்டரிடம் கேட்டேன். மெதுவாக நடந்தால் பரவாயில்லை என்றார். தை மாதம், வெயிலும் கம்மி. முடியவில்லை என்றால் உடனே ஆட்டோவில் ஏற்றிவிடுகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஏழு மணிக்கு பஸ். செஞ்சி வழியாக நாலு மணி நேரம் என்பார்கள், நம்ப வேண்டாம். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வேன் ஒன்று குறுக்கே நின்றுகொண்டு எங்களுக்கு இன்னொரு அரை மணியைத் தின்றது. டிக்கெட் இருநூறு ரூபாய் சொச்சம். பேருந்து நிலையத்திலிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோ இருநூற்றைம்பது. முந்நூற்றைம்பதில் ஆரம்பிப்பார்கள், அசராதீர்கள். ஆட்டோக்காரர் முனுசாமியிடம், மறுநாள் எங்கள் பின்னாலேயே வர முடியுமா என்று கேட்டேன்.

"நடக்கறவங்க பின்னாடி ஆட்டோவா? இன்னாமா, சாமி ஊர்வலமா?" என்று சிரித்துவிட்டு ஆயிரத்துக்கு ஒப்புக்கொண்டார்.

'ஹோம்' என்றதும் வரிசையாகக் கட்டில் போட்ட கூடம் உங்கள் நினைவுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். இது மூன்று படுக்கையறை வீடு, அவ்வளவுதான். சாயங்காலம் வசந்தா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் நீளம். நான் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கப் பார்த்தேன். "அது அவ வேலைங்க, நீங்க உக்காருங்க" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் லோகநாயகி. அங்கே குடியிருப்பவர்களில் மூத்தவர் ஜெகன், நாற்பது வயது. மோட்டார் அவர் பொறுப்பு. தொட்டி நிரம்பியதும் தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பார். ரிமோட்டுக்காக இரண்டு பேர் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சாப்பாட்டுக்கு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். பீன்ஸ் சரியாக வேகவில்லை. யாரும் குறை சொல்லவில்லை, என்னைத் தவிர.

விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். வசந்தா, ஜெகன், லோகநாயகி, நான். எல்லோரும் வெறுங்கால். ராஜகோபுரத்தில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை, எங்கே தொடங்குகிறோமோ அங்கே வந்து முடித்தால் போதும். நாங்கள் வீட்டு வாசலில் தொடங்கினோம். மொத்தம் பதினாலு கிலோமீட்டர். வழியில் ஒரு நாயைக்கூட வசந்தா விசாரிக்காமல் விடவில்லை. குபேர லிங்கத்தில் "போதுமா, ஆட்டோல ஏறிக்கறியா?" என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தாள். ஈசான்ய லிங்கத்திலும் கேட்டேன். ராஜகோபுரத்துக்கு எதிரில் டீ குடிக்கும்போதும் கேட்டேன். செங்கம் ரோட்டில் அவளுடைய வலது கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. ரமணாசிரமம் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள், பின்னால் உறுமிக்கொண்டு வந்த ஆட்டோவையும் பார்த்தார்கள். இன்னும் இரண்டு முறை கேட்டேன்.

நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் மறுபடி கேட்டேன். வசந்தா நின்று, என் முகத்தைப் பார்த்து, சத்தமாகச் சொன்னாள்: "போதும்."

அப்பாடா என்றிருந்தது. கையைக் காட்டினேன், முனுசாமி ஆட்டோவைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் அவள் தோளைப் பிடித்து ஏற்றப் பார்த்தேன். அசையவில்லை. ஜெகன் குறுக்கே வந்தார்.

"அக்கா, விடுங்க. அவ போதும்னுட்டா."

"அதான்பா, ஏத்தறேன்."

"நடந்தது போதும்னு சொல்லல. நீங்க கேட்டது போதும்ங்கறா. எங்க வீட்ல ஒருத்தர் போதும்னா நிறுத்திடணும். மறுபடி கேக்கக் கூடாது."

லோகநாயகி முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வீட்டில் இருந்தவரை வசந்தா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா தட்டில் போடுவதை நிறுத்தினால்தான் அவள் சாப்பிடுவதை நிறுத்துவாள். முனுசாமிக்குப் பேசிய பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். "வாணாம்னா போன் பண்ணுங்க... ச்சே, வேணும்னா பண்ணுங்க" என்று குழம்பிக்கொண்டே போனார்.

மிச்ச தூரம் நான் வாயைத் திறக்கவில்லை. அது நடப்பதைவிடக் கஷ்டம். சூரிய லிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். யார் கையையும் பிடிக்காமல் தானே எழுந்தாள். பதினோரு மணி சுமாருக்கு வாசலை மிதித்தோம். ஜெகன் தெருவுக்கே அறிவித்தார்.

மெதுவாக நடப்பவரோடு போகிறீர்களா? பௌர்ணமியைத் தவிர்த்து வார நாளில் போங்கள், விடிவதற்கு முன் கிளம்புங்கள். கழிப்பறைகள் எங்கே என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வெறுங்கால் பழக்கமில்லை என்றால் காலுறை போடுங்கள். கொப்புளம் வந்தது எனக்குத்தான், வசந்தாவுக்கு இல்லை. இதுபோன்ற வீடுகளுக்குப் போவதானால் முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். பிறந்தநாள் சாப்பாடு போட்டு, அவர்களை வரிசையில் நிறுத்திப் படமெடுக்கும் எண்ணமிருந்தால் போகவே வேண்டாம்.

அன்று மதியம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு வசந்தாவே அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"கால் வலிக்குதாடி?"

"வலிக்குது."

"அக்கா எந்த எடத்துல ஆட்டோல ஏத்துனா?"

"ஏறல. வீட்டுலேர்ந்து வீட்டுக்கு நடந்தேன்."

"எந்த வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்கு."

அம்மா என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில் தங்கையிடம் கேட்டாள்: "உங்க வீட்டுக்கு நான் ஒரு நாள் வரட்டுமா?"