மூட்டை பைலட்

போன வாரம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு லாரியிலிருந்து மூட்டை இறக்கினார்கள். நனைந்த சாக்கின் வாசனை குப்பென்று வந்தது. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்கு, அண்ணன் லீவில் ஊருக்கு வந்திருக்கிறான் என்று அர்த்தம். அவனுடைய காக்கிச் சட்டையை எவ்வளவு சவுக்காரம் போட்டுக் கசக்கினாலும் சாக்கும் பெட்ரோலும் கலந்த அந்த வாடை போகாது.

அண்ணன் விமானம் ஓட்டினான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து கற்றுக்கொண்ட வேலை. யுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டாளம் கழித்துப்போட்ட விமானங்களை வாங்கி ஆளாளுக்குக் கம்பெனி தொடங்கிய நேரம் அது. கல்கத்தாவில் அப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அரிசி, உப்பு, துணி ஏற்றிக்கொண்டு அசாமுக்குப் போவார்கள். திரும்பும்போது தேயிலைப் பெட்டி. ஆள் ஏற்றுகிற வேலையே கிடையாது. நான் அப்போதுதான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். "ஒங்க அண்ணன் யாரையெல்லாம் ஏத்திட்டுப் போவாக?" என்று மற்ற டீச்சர்கள் கேட்பார்கள். வாய் கூசாமல் கவர்னர் வரைக்கும் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் இந்தக் கதையெல்லாம் செல்லாது. "ஏலே, மூட்டை ஏத்தணும்னா இங்கன ரெண்டு மாட்டுவண்டி சும்மா கெடக்குல்லா? அதுக்கா கல்கத்தா போன?" என்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே சாப்பிடுவான்.

ஒரு குற்றால சீசனுக்குத் தன் சிநேகிதரையும் கூட்டி வந்தான். வர்கீஸ் என்று பெயர். மலைக்கு அந்தப் பக்கம், புனலூர்க்காரர். அதே கம்பெனியில் பைலட். இருவரும் கல்கத்தாவில் ஒரே அறையில் இருந்தார்கள். வர்கீஸ் ஐந்தருவியில் விரல் சுருங்கும்வரை குளித்துவிட்டு வருவார். நான் வைத்த தேங்காய்ப்பால் சொதியில் உப்பு கூடிப்போனதை ஒரு வார்த்தை சொல்லாமல் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்ட மனுஷர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வருஷம் மழை தொடங்கும்போது அண்ணன் தனியாக வந்தான். வேலையை விட்டாயிற்று என்றான். வர்கீஸ் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

மதராஸில் ஆள் ஏற்றுகிற கம்பெனி ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தான். அதன் தலைமை பைலட் குடும்பத்தோடு குற்றாலத்துக்கு வந்திருந்தார். பையன் தென்காசிதானே, வந்து பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். "நீயும் வாட்டி. தனியாப் போனா எனக்குப் பேச்சு வராது" என்றான் அண்ணன். அதனால்தான் போனேன்.

அருவிக்குப் பக்கத்தில் ஒரு பங்களா. அவர் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அருவி இரைச்சலில் எதையும் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. அண்ணன் பறந்த மணிக்கணக்கைக் கேட்டுத் தலையாட்டினார்.

"அனுபவம் நிறைய இருக்கு. ஆனா அத்தனையும் மூட்டை. மழை, மேகம்னு பாக்காம அடிச்சு ஓட்டிப் பழகினவங்களை எடுக்க எங்க முதலாளிக்குப் பயம். பின்னால உக்காந்திருக்கறது மனுஷங்க. சரி, அந்தக் கம்பெனியை ஏன் விட்டீங்க? விசாரிச்சேன். சொன்னதைக் கேக்காத ஆளுங்கறாங்க."

அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு அவரிடம் சொன்னான்.

"மலை மேல மேகம் இறங்கிக் கெடந்தது சார். லோடும் ஜாஸ்தி. போக முடியாதுன்னேன். மூட்டைக்கு என்ன உயிரா போயிரும்னு மேனேஜர் கேட்டார். அங்கனயே என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அந்த லோடை என் கூட்டாளிகிட்டக் குடுத்தாங்க. போகாதேன்னு கையப் பிடிச்சேன். எனக்குக் கட்டிக்குடுக்க ரெண்டு தங்கச்சி இருக்கு, மூட்டை ஓட்டினவன வேற எவன்டா வேலைக்கு எடுப்பான்னு கேட்டான். அவன் திரும்பி வரல சார்."

கூட்டாளி என்றால் வர்கீஸ். ஒரு மாதமாக அண்ணன் இதைச் சுமந்துகொண்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

தலைமை பைலட் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "நானும் யுத்தத்துல மூட்டைதான் ஓட்டினேன்" என்றார். பிறகு, "ரெண்டாவது பைலட்டாத்தான் எடுக்க முடியும். உங்களைவிட அனுபவம் குறைஞ்சவங்களுக்குக் கீழே உக்காரணும். சம்மதமா?"

"சம்மதம் சார்."

திரும்பும் வழியில் ஊர் நெருங்கும்போது அண்ணன், "ஏட்டி, நாளைக்குப் புனலூர் போவோம். எவன் எடுப்பான்னு வர்கீஸ் கேட்டானே, வேலை கெடைக்காம அவன் வீட்டு வாசல்ல நிக்கத் தைரியம் இல்லாம இருந்தது" என்றான்.

செங்கோட்டை வழியாக ரயிலில் போனோம். குகைக்குள் நுழையும்போதெல்லாம் இருட்டில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் கேட்காததுபோல இருந்தேன்.

வர்கீஸின் அம்மாவுக்கு அண்ணனைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அன்னு நல்ல மழையாயிருந்நோ, மோனே?" என்று மட்டும் மலையாளத்தில் கேட்டார். "ஆமாம்மா. நல்ல மழை" என்றான். அவர் முற்றத்தில் பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தபடி இருந்தார். அந்தத் தங்கைகளில் மூத்தவள் எங்களுக்குப் பால் விடாத கட்டன் காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

மதராஸ் கம்பெனியில் அண்ணன் பல வருஷம் ரெண்டாவது பைலட்டாக வலது பக்கத்து இருக்கையிலேயே இருந்தான். வயதில் சிறியவர்களுக்கு 'சார்' போட்டான். பிறகுதான் விமானம் அவன் கைக்கு வந்தது. அதன்பின் மழை நாளில் அவன் கிளம்ப மாட்டான் என்று பெயரெடுத்தான். ஊருக்கு வரும்போது பெருமையாகச் சொல்வான்: "இந்தத் தடவையும் பாசஞ்சரெல்லாம் நல்லா ஏசுனாங்கட்டி."

சின்னக் கம்பெனிகளெல்லாம் போய்விட்டன. சிலது நொடித்தன, மற்றதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நாங்கள் புனலூர் போன அந்தச் சின்ன ரயிலின் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். வர்கீஸ் விழுந்த இடம் எது என்று காட்ட இன்று ஒருவரும் இல்லை. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டான். விமான நிலையத்துத் தகரக் கொட்டகையில் மழை விடக் காத்திருந்து அவனை ஏசினார்களே, அவர்களிலும் பலர் இப்போது இருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவர்கள் எல்லோரும் தாமதமாக, கோபத்தோடு, அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.