உயிரோடு இருப்பவருக்கு மூன்றாம் இடம்

குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் தொழிலில் அதிகம் அடி வாங்குவது முகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். என் அனுபவத்தில் அது காது. இருபது வருடமாக ரெட்டியார்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கிளப் நடத்துகிறேன். குத்திப் பழக பத்துப் பேர் வந்தால், 'அந்தக் காலத்து ஆளும் இந்தக் காலத்து ஆளும் மோதினால் யார் ஜெயிப்பார்?' என்று கேட்க இருபது பேர் வருகிறார்கள். பாட்டோ, பரதமோ, கார் ஓட்டவோ சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவராக நீங்கள் இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஜோடி இல்லாத மனிதர்

எங்கள் கிளப்பின் ஒரே ஹெவிவெயிட் அருள். அரியாங்குப்பத்துக்காரர், சிமெண்ட் லாரி ஓட்டுகிறார், நூற்றிரண்டு கிலோ. அந்த எடையில் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் பிரியாணிக் கடைப் பக்கம்தான் இருக்கிறார்கள், கொட்டகைப் பக்கம் வருவதில்லை. மூன்று போட்டிகளில் அருளுக்கு எதிராக நிற்க ஆளே இல்லாமல், எடை மெஷினில் ஏறி இறங்கியதற்கே தங்கப் பதக்கம் கொடுத்து அனுப்பினார்கள். 'வாக்ஓவர்' என்று சான்றிதழில் மறக்காமல் எழுதினார்கள்.

அவருக்கு முப்பத்தொன்பது வயது. நாற்பது தாண்டினால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். அதற்குள் ஒரே ஒரு நிஜச் சண்டை போட்டுவிட வேண்டும், ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் அவருடைய ஆசை. ஒருநாள் கையில் துணி சுற்றிக்கொண்டே சொன்னார்: "பொண்ணு கேக்கறா மாஸ்டர், 'நீ யாரைப்பா அடிச்ச?'ன்னு. வெயிட் மெஷினைத் தவிர ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரல."

பாய்லர் பக்கிரி

துரைக்கண்ணு முதலியார்பேட்டைக்காரர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் வந்து, குத்துமூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். அந்த மில்லில் பாய்லருக்கு நெருப்புப் போட்ட பக்கிரி என்று ஒருவர் இருந்தாராம். அவர் குத்தினால் இரும்புக் கதவு நெளியுமாம். அருள் மூட்டையைக் குத்தும்போதெல்லாம் துரைக்கண்ணு கண்ணை மூடி, மனசுக்குள் பக்கிரியை எதிரில் நிறுத்துவார். முதல் ரவுண்டிலேயே அருள் காலி என்று அறிவிப்பார். நான் பார்த்து இதுவரை முந்நூறு தடவையாவது அருள் அப்படித் தோற்றிருப்பார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன், பக்கிரி சண்டை போட்டதை நீங்கள் பார்த்தீர்களா என்று. இல்லையாம். இவர் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின மாதமே பக்கிரி ஓய்வு பெற்றுவிட்டாராம். மொத்தம் எத்தனை சண்டை? ஒன்றே ஒன்று ஏற்பாடானதாம். கடலூரிலிருந்து வந்தவன் மில் கேட்டில் பக்கிரியைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டானாம். "அப்படியென்றால் அதுவும் வாக்ஓவர்தானே அண்ணே?" என்றேன். கோபத்தில் எழுந்தே விட்டார்: "அருளுக்கு எவனும் வரல மாஸ்டர். பக்கிரிக்கு வந்துட்டுப் போனான். ரெண்டும் ஒண்ணா?"

செல்லரித்த காகிதம்

எங்கள் கொட்டகையில் அப்போது ரிங்கே கிடையாது. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் நாலு கோடு, அவ்வளவுதான். அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார் ராயப்பா. கடற்கரைப் பக்கம் டூரிஸ்டுகளுக்கு லாட்ஜ் நடத்துபவர், சொல்தா குடும்பம், அதாவது பட்டாளத்துக் குடும்பம். தாத்தா சவரிநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷன் நின்ற கையோடு அந்த வீட்டில் பிரெஞ்சும் போய்விட்டது. மகனைச் சேர்க்க வந்த ராயப்பா, பக்கிரி புராணத்தை அரைமணி நேரம் கேட்டார். மறுநாள் தாத்தாவின் பட்டாளத்துக் காகிதம் ஒன்றை பிரேம் போட்டுக் கொண்டுவந்தார். போட்டோ இருந்தது, முத்திரை இருந்தது. மேல்பக்கம் செல்லரித்துப் போய், பெரிய எழுத்தில் 'புவா லூர்' என்கிற இரண்டு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது.

நான் பத்தாவதில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்; பரீட்சை முடிந்ததும், நன்றி சொல்ல ஒரு 'மெர்சி' மட்டும் மிஞ்சும். எனக்குக் கூடவே இந்த இரண்டு வார்த்தையும் மிஞ்சியிருந்தது என் கெட்ட நேரம். புவா என்றால் எடை, லூர் என்றால் கனம். "ஹெவிவெயிட்!" என்று கத்தினேன். ராயப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா பேரில் நிஜ ரிங் ஒன்று போட்டுத் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார். பிறகு துரைக்கண்ணு பக்கம் திரும்பினார்: "எங்க தாத்தா சைகோன்ல குத்தினவரு சார். உங்காளுக்கு வாய்தான் பேசுது, எங்காளுக்குப் பேப்பரே பேசுது பாருங்க."

ஓட்டெடுப்பு

அதற்கப்புறம் தினமும் கொட்டகையில் பக்கிரிக்கும் சவரிநாதனுக்கும் சண்டைதான். இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் என்பதால் ரவுண்டுக்குக் கணக்கே இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியவில்லை. ஓட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் முட்டாள்தனமாகச் சொன்னேன். கரும்பலகையில் இரண்டு பெயர் எழுதினார்கள். வெட்கம் கெட்டுப்போய் மூன்றாவதாக அருளின் பெயரை நானே எழுதினேன்.

சவரிநாதனுக்குப் பத்தொன்பது, பக்கிரிக்குப் பதினேழு, அருளுக்கு நாலு. அந்த நாலில் ஒன்று என்னுடையது. நல்லவேளை, அருள் அன்று லோடு ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போயிருந்தார். அவர் குத்தி மூட்டையின் கொக்கியே பிய்ந்து விழுந்ததைப் போன வாரம்தான் வாய் பிளந்து பார்த்த, பிள்ளையைக் கூட்டிவரும் ஒரு அம்மா, ஓட்டை சவரிநாதனுக்குப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னது: "அருள் அண்ணனத்தான் தெனம் பாக்கறோமே மாஸ்டர். தெனம் பாக்கறவருக்குப் போயி யாராச்சும் ஓட்டுப் போடுவாங்களா?"

டீச்சர் படித்தது

ரிங் வந்தது. நீலக் கயிறு, சிவப்பு மூலை, பளபளவென்று இருந்தது. சுவரில் சவரிநாதன் பிரேம். திறப்பு விழா அன்றைக்கே அருளுக்கு ஒரு சண்டை வைக்க, விழுப்புரத்தில் தேடித்தேடி ஒரு ஹெவிவெயிட்டைப் பிடித்துவிட்டேன். குத்துச்சண்டைச் சங்கத்திலிருந்து நடுவர்களும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். அந்த வாரம் பார்த்து, உடம்பைக் குறைக்கச் சேர்ந்த பிரெஞ்சு டீச்சர் சில்வி, பிரேமுக்கு முன்னால் நின்று சிரிக்க ஆரம்பித்தார்.

புவா லூருக்கு முன்னால் 'மி' என்று ஒரு துண்டு எழுத்து இருந்ததாம். நான் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் பார்த்திருக்கிறேன். அது 'பெர்மி'யின் வால். பெர்மி புவா லூர் என்றால் லாரி மாதிரி கனமான வண்டி ஓட்டும் லைசென்ஸ்! விழா முடியும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். ரிங் போனால் அருளின் சண்டையும் போய்விடும். ராயப்பாவை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். டீச்சர் சம்மதித்தார். போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "ஸ்கூல்ல உங்களுக்குப் பிரெஞ்சு எடுத்தது யாரு சார்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

திறப்பு விழா

நாலரை மணிக்கு 'எந்தக் காலத்து ஹெவிவெயிட் பெரியவர்?' என்று அரைமணி நேரம் பேச்சு, ஐந்துக்கு அருளின் சண்டை என்று ஏற்பாடு. ஆறே கால் ஆகியும் துரைக்கண்ணுவும் ராயப்பாவும் புது ரிங்கை விட்டு இறங்கவில்லை. பக்கிரி இடது கையால் குத்துவார் என்றார் இவர். தாத்தா குனிந்துகொள்வார் என்றார் அவர். கையுறை போட்டபடி அருள் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உடம்பைச் சூடாக்கி வந்த வியர்வையும் காய்ந்துவிட்டது. அவருடைய மகள் முன்வரிசையில் கொட்டாவி விட்டாள். விழுப்புரத்து ஆள் கைத்துணியை அவிழ்க்க ஆரம்பித்தார். "எட்டு மணிக்கு ஷிப்டு சார், கெளம்பறேன்" என்றார். அருள் என்னைப் பார்த்தார். நாலாவது வாக்ஓவர் அவர் முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ரிங்கில் ஏறி மைக்கைப் பிடுங்கினேன். "சவரிநாதன் ஐயா குத்துச்சண்டை வீரர் இல்லை, பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். தப்பாகப் படித்தது நான். ராயப்பா சார், ரிங்கை நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு மட்டும் இறங்கிக்கொள்ளுங்கள்" என்றேன். ராயப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெஞ்சிலிருந்து அருளின் குரல் கேட்டது: "ஹெவி லைசென்ஸா மாஸ்டர்? எங்கிட்டயும் இருக்கே!"

மூன்று ரவுண்டு

அதைக் கேட்டுக் கொட்டகையே சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் மணியை அடிக்கச் சொல்லிவிட்டேன். விழுப்புரத்து ஆளுக்கு வயது இருபத்தாறு, நல்ல வேகம். முதல் ரவுண்டில் அருளுக்கு மூக்கு உடைந்தது. இரண்டாவதில் அருள் விட்ட ஒரு வலது குத்தில் அந்த ஆள் கயிற்றில் போய்ச் சாய்ந்தார். மூன்றாவதில் இருவருக்கும் மூச்சு இல்லை. புள்ளிக் கணக்கில் அருள் தோற்றார். உதடு வீங்க, மூக்கில் பஞ்சோடு இறங்கி வந்தவரைப் பார்த்து, ஜெயித்தவர் இவர்தான் என்று நினைத்து நாலு பேர் கை கொடுத்தார்கள். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஷிப்டுக்கு ஓடிய விழுப்புரத்து ஆள், அருளின் மகளுக்கு முன்னால் ஒரு நிமிடம் குனிந்து தன் கன்னத்து வீக்கத்தைக் காட்டினார்: "தொட்டுப் பாரு பாப்பா, உங்கப்பா அடிச்சதுதான்."

ராயப்பா ஒரு வாரம் கொட்டகைப் பக்கமே வரவில்லை. ரிங்கைக் கழற்ற ஆள் வரும் என்று நான் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் தனியாக வந்து, தாத்தாவின் பிரேமை நேராக்கி மாட்டினார்: "ரிங்குக்குத் தாத்தா பேர் அப்படியே இருக்கட்டும் மாஸ்டர். லாரியும் ஹெவிதானே? ஆனா ஒண்ணு, எங்க தாத்தாவா இருந்தா அந்த விழுப்புரத்தான்கிட்ட தோத்திருக்க மாட்டாரு."

ஆக, எங்கள் கிளப்பின் மூன்று ஹெவிவெயிட்டுகளில் தோற்றவர் அருள் ஒருவர்தான். மற்ற இருவரும் இன்றுவரை தோற்கவில்லை, துரைக்கண்ணுவும் ராயப்பாவும் இருக்கும்வரை தோற்கப் போவதும் இல்லை.